மாட்டுக் கணவாய்க்கு அப்பால் ஒரு வீடு

ரொறன்ரோவின் மல்வேர்னில் பனிக்காலத்திலும் சைக்கிளில் வேலைக்குப் போகிற தமிழ்ப் பெண் யார் என்று கேட்டால், எங்கள் தொடர்மாடியில் எல்லோரும் என் வீட்டுக் கதவைத்தான் காட்டுவார்கள். பெருமையாகக் காட்டுவார்கள் என்று நினைக்கவேண்டாம். பஸ் இருக்க, என் கணவர் இவரிடம் ஒரு பழைய கார் இருக்க, கண் மட்டும் தெரிய மூடிக்கட்டிக்கொண்டு ஒருத்தி உழக்கிப் போவதை விசர் என்றுதான் அவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். எனக்கோ அந்தக் குளிரில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதுதான் விசராகத் தெரிந்தது.

வேலை ஸ்காபரோவில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில், பெட்டி அடுக்குவது. எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் மொய்றா. ஸ்கொட்லாந்தில் பிறந்து, இருபது வயதில் கனடாவுக்கு வந்து, அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர். கோடையில் அவரும் சைக்கிளில்தான் வருவார். பகுதியில் பாதிப்பேர் தமிழ்ப் பெண்கள் என்பதால் அவர் எங்கள் எல்லோருக்கும் ‘மொய்றா அக்கா’. அக்கா என்றால் மேலதிகாரி என்று அவர் பல காலம் நினைத்திருந்தாராம். ஒருநாள் நான் சரியான பொருளைச் சொன்னதும் திரும்பிப் பெட்டிகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டத் தொடங்கிவிட்டார்.

அடுத்த கிழமை சாப்பாட்டு அறையில் என் எதிரே வந்து இருந்தார்.

“கௌரி, ஜூனில ரெண்டு கிழமை லீவு எடுப்பீரோ? சைக்கிள் ஓடப் போவம்.”

“எங்கை அக்கா?”

“ஸ்கொட்லாந்தில.”

நாங்கள் பேசியது இங்கிலிஷில்தான். ஆனால் இந்தப் பயணத்தில் யார் யாரோ பேசியதெல்லாம் எனக்கு எங்கள் தமிழிலேயே ஞாபகத்தில் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன், கோபிக்கவேண்டாம்.

அவருக்கு ஊரில் ஒரே ஒரு தங்கச்சி, இஷ்பெல். ஒரு வருஷத்தில் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு மொய்றா கப்பல் ஏறினார். பின்னால் தாய்க்குச் சுகமில்லாமல் போக, நேர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த தங்கச்சி படிப்பை விட்டுவிட்டு வீட்டோடு நின்றார். மொய்றா போகவில்லை. முதலில் வேலை, பிறகு கலியாணம், பிறகு அது முறிந்தது. தாய் இறந்தபோதும் போகவில்லை. அதன் பிறகு போவதற்கு முகம் இல்லை. இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்த வசந்தத்தில்தான் துணிந்து தொலைபேசி எடுத்திருக்கிறார். வரட்டுமா என்று கேட்டதற்கு இஷ்பெல் சொன்ன பதில் ஒரே வரி.

“ரோட்டு எல்லாருக்கும் பொதுதானே.”

வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. அந்தக் கதவு திறக்குமா என்று போய்த்தான் பார்க்கவேண்டும்.

“சைக்கிளில ஏன் அக்கா? காரில போகலாமே?”

“காரில போய் இறங்கினா, கனடாக்காரி வந்திட்டா எண்டு கதவைச் சாத்துவள். வேர்த்து விறுவிறுத்துப் போனால் ஒரு மிடறு தண்ணியாவது தருவள்.”

வெளிநாட்டிலிருந்து வந்து ஊருக்கு வான் வண்டி பிடித்துக்கொண்டு போய் இறங்குகிறவர்களைப் பற்றி எங்கள் ஆட்கள் பேசுகிற பேச்சுத் தெரிந்தவள் நான். எனக்கு அது உடனே விளங்கியது.

வீட்டில் இவருக்குத்தான் விளங்கவில்லை. “ஊர் உலகத்தில எல்லாரும் அங்கையிருந்து கனடாவுக்கு வருகினம். நீர் என்னத்துக்கு இஞ்சையிருந்து அங்கை போறீர்?” என்றார். சொல்லிவிட்டு, போவதற்கு முதல்நாள் பின்னேரம் முழுக்க பல்கனியில் இருந்து என் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டார்.

கனடாக் கடவுச்சீட்டு கைக்கு வந்த பிறகு எனக்கு அது முதல் பயணம். கிளாஸ்கோவில் அதிகாரி வந்த காரணம் கேட்டார். சைக்கிள் ஓட என்றேன். அவர் கடவுச்சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார். அகதியாக வந்த காலத்தில் இதே கேள்விக்கு ஒரு விமான நிலையத்தில் அரைநாள் பதில் சொன்னவள் நான். இவ்வளவு இலேசாக விட்டுவிட்டார்களே என்று எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

வடக்கே போகிற ரயிலில் சிக்கல் வந்தது. இனி ஒரு சைக்கிளுக்குத்தான் இடம் இருக்கிறது என்று கார்ட் சொல்லிவிட்டார். மொய்றா அவரோடு பேசப் பேச, ரொறன்ரோவில் நான் கேட்டுப் பழகிய அவருடைய இங்கிலிஷ் கழன்று விழுந்து உள்ளே இருந்து இன்னொன்று வந்தது. எழுத்துக்கள் உருண்டன. எனக்குப் பாதி பிடிபடவில்லை. கார்ட் சிரித்துவிட்டு, கழிப்பறைக்குப் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டு வருவதானால் சரி என்றார். பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியவள் நான். கழிப்பறைக் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் என் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். வெளியே மலைகளும் என்னோடு சேர்ந்து சுற்றின.

ஸ்காபரோவில் ‘கிளென்’ என்று தொடங்கும் தெருக்கள் எத்தனையோ உண்டு. ஒன்றில் என் மச்சாள் குடியிருக்கிறாள், இன்னொன்றில் பல்வைத்தியர். கிளென் என்பது யாரோ ஒரு துரையின் பெயர் என்றே நினைத்திருந்தேன். மலைகளுக்கு நடுவே ஆறு ஓடுகிற நீண்ட பள்ளத்தாக்குக்குத்தான் அந்தப் பெயர் என்று சைக்கிளை ரயிலிலிருந்து இறக்கி, முதல் கிளெனுக்குள் நுழைந்தபோதுதான் தெரிந்தது. இரண்டு பக்கமும் மலை. ஒரு கார் மட்டும் போகக்கூடிய ரோட்டு. ஆறு ஒருமுறை இடப்பக்கம் வரும், பாலத்துக்குப் பிறகு வலப்பக்கம் வரும். மஞ்சள் பூப் பற்றைகளில் தேங்காய்ப்பால் வாசம் அடித்தது. பொய் சொல்லவில்லை, அந்தப் பூவுக்கு அந்த வாசம்தான். சூடான தார்மேல் ஆடுகள் படுத்துக்கிடந்தன. மணி அடித்தால் எழும்பாமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தன.

மேகம் மலையின் பாதிக்கு இறங்கி வந்து நின்றது. நான் எங்கே போகிறேன், எத்தனை மணி என்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக என்னைவிட்டுப் போய்விட்டது. பெடல், தண்ணீர், டயர் தாரில் உரசும் ஓசை, இவ்வளவுதான் உலகம். ரொறன்ரோவில் சைக்கிள் ஓடும்போது மண்டைக்குள் எப்போதும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். இங்கே ஒன்றும் ஓடவில்லை.

முதல் ஏற்றத்தில் அந்தக் கனவு கலைந்தது. நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். அங்கே சைக்கிள் ஏறுகிற பெரிய மலை மதகுதான். என் சைக்கிளில் பதினெட்டுக் கியர் இருந்தும் வாங்கிய நாளிலிருந்து ஒன்றைக்கூட நான் மாற்றியதில்லை. எழும்பி நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். மொய்றா இருந்தபடியே என்னைக் கடந்து போனார்.

“அந்தக் கியர் என்னத்துக்குப் பூட்டியிருக்கு? வடிவுக்கோ?”

அன்று பின்னேரம் ஆற்றங்கரையில் நிறுத்தி எனக்குக் கியர் பழக்கினார். கால் சும்மா சுற்ற, சைக்கிள் ஊர்ந்து ஊர்ந்து மேலே போனது. இது கள்ளவேலை என்று எனக்குப் பட்டது. ஆனாலும் விடவில்லை, கள்ளவேலை நன்றாக இருந்தது.

இரவு தங்கியதெல்லாம் பயணிகளுக்கு அறை விடுகிற வீடுகளில். இரவு என்று சொல்கிறேனே தவிர, ஜூனில் அங்கே இருட்டு வர மனமில்லாமல் நின்றது. படுக்கப் போகும்போதும் யன்னலில் பால்நிற வெளிச்சம், விழிக்கும்போதும் அதே. நான் தூங்கினேனா என்பதே சில நாட்களில் சந்தேகமாக இருந்தது.

காலையில் ஓட்ஸ் கஞ்சி தருவார்கள், உப்புப் போட்டு. எனக்குப் புழுகம், அவ்வளவு சந்தோஷம். கனடாவில் இதற்கு எல்லோரும் சீனி போட்டுக் கெடுக்கிறார்கள். ஒரு வீட்டில் பின்னேரச் சாப்பாட்டுக்கு ‘ஹகிஸ்’ வைத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் சாப்பிடும் என்றார் மொய்றா. உள்ளே ஆட்டின் ஈரலும் இதயமும்தான். ஆட்டுக்குடல் கறி சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு இந்தப் பயமுறுத்தல். கமராப் பிலிம் டப்பாவில் கொண்டுபோன மிளகாய்த்தூளை எடுத்துக் கொஞ்சம் தூவினேன். வீட்டுக்காரர் தனக்கும் ஒரு சிட்டிகை கேட்டார். வாயில் வைத்தவரின் முகம் சிவந்து, கண்ணால் நீர் வடிந்தது. “நல்லாயிருக்கு” என்று சொல்லிவிட்டு எழும்பி வெளியே போனார். விடிய முட்டைப் பொரியலுக்கு முன்னால் இருந்துகொண்டு, “அந்த டப்பா எங்கை?” என்று கேட்டார்.

மழை நின்றால் ‘மிட்ஜ்’ வரும். கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியும் ஒரு பூச்சி. நுளம்பாவது பாடிக்கொண்டு வந்து கடிக்கும். இது சொல்லாமல் கொள்ளாமல் கூட்டமாக வந்து மயிர்க்காலுக்குள் புகுந்துவிடும். ஒரு நடுக்காட்டில் என் பின்சில்லு காற்றுப் போய்விட, ஒட்டுப் போடும் வரைக்கும் மொய்றா என்னைச் சுற்றிச் சுற்றி வந்து துவாயால் விசிறினார். விசிறியும் பத்து இடத்தில் தடித்தது.

சிவப்புத் தொலைபேசிப் பெட்டி ஒன்றிலிருந்து வீட்டுக்கு, இவரை அழைத்தேன்.

“இஞ்சை சரியான வெக்கை. உறையவிட்ட கோழிக்கறி முடிஞ்சுது. அந்த மனிசிக்குத் தங்கச்சி கதவு திறந்தவவோ?”

“இன்னும் போய்ச் சேரேல்லை.”

“திறக்காட்டி அங்கை நிண்டு சண்டை பிடியாதையும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. மல்வேர்னில் இருந்துகொண்டு அவரும் அந்தக் கதவையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கடைசிக் கணவாயின் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தோம். அவர்களின் பழைய மொழியான கேலிக்கில் அதற்கு மாடுகளின் கணவாய் என்று பெயர். முற்காலத்தில் சந்தைக்கு மாடு சாய்த்துக்கொண்டு போன வழி. அதைத் தாண்டி இறங்கினால் கடல், கடற்கரையில் இஷ்பெல்லின் வீடு. கீழே ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். பக்கத்து மேசையில் தபால் வான் ஓடுகிறவர் இருந்தார். சுற்றுவட்டாரம் முழுவதும் அவருக்கு உள்ளங்கை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, இஷ்பெல் வீட்டுப் பக்கம் என்று சொல்லிவிட்டேன்.

“இஷ்பெல்லோ? தங்கமான மனிசி. கதை குறைவு. தாயைக் கடைசி மட்டும் அவதான் பாத்தவ.” தேநீரைக் குடித்தார். “ஒரு தமக்கை இருந்தவ. பாவம், கனடாவில கன காலத்துக்கு முன்னமே செத்துப்போனா.”

நான் மொய்றாவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. அவருடைய கரண்டி கோப்பைக்குள் சுற்றிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. கரண்டியை வைத்துவிட்டு அவர் கேட்டார்.

“எப்பிடிச் செத்தவவாம்?”

“அதைச் சொல்லேல்லை. நாங்களும் கேக்கேல்லை. அவவுக்கு மனவருத்தம்தானே.”

வான்காரர் போன பிறகு மொய்றா சைக்கிளை எடுத்தார், ஆனால் வந்த பக்கமாகத் திருப்பினார்.

“திரும்புவம் கௌரி. அவள் என்னைத் தாட்டுப்போட்டாள். செத்தவள் போய்க் கதவு தட்டக்கூடாது.”

எனக்கு அவரைத் தேற்றத் தெரியவில்லை. உள்ளுக்குள் அந்த இஷ்பெல்மேல் ஆத்திரமாக வந்தது. உயிரோடு இருக்கிற அக்காவை எந்த மனிசி செத்துப்போனாள் என்று சொல்லித்திரிவாள்?

“நான் இவ்வளவு தூரம் வந்தது மலை ஏற. நீங்கள் வராட்டில் நாளைக்கு நான் தனிய ஏறிப் பாத்திட்டு வாறன். நீங்கள் இதிலை இருந்து தேத்தண்ணி குடியுங்கோ” என்றேன். கோபத்தில் சொன்னதுதான். விடிய நான் சப்பாத்துக் கட்டும்போது அவரும் பக்கத்தில் இருந்து கட்டினார்.

அந்த ரோட்டு மலையில் ஏறுவதில்லை, மலையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. புதிதாகக் கார் ஓடப் பழகுகிறவர்கள் போகக்கூடாது என்று கீழே பலகை வைத்திருக்கிறார்கள். சைக்கிள்காரரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, அப்படி ஒரு விசர் வரும் என்று நினைக்கவில்லையாக்கும். பாதி ஏறியதும் எதிர்க்காற்று பிடித்தது. ஏற்றத்தில் கெட்டிக்காரியான மொய்றா காற்றில் அப்படியே நின்றுவிட்டார். எனக்கோ காற்றுத்தான் பழக்கம். மலை இல்லாத யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்குச் சோழகக்காற்றுத்தான் மலை. தலையைக் குனிந்து முன்னால் போய், என் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரச் சொன்னேன். வளைவுகளில் அவருக்குப் பக்கத்தில் வந்து, ஒரு கையால் முதுகில் பிடித்துத் தள்ளினேன். நாங்கள் தோழிமாரைத் தள்ளிக்கொண்டு போவது அப்படித்தான்.

“உதை எங்கை படிச்சனீர்?”

“கதையாமல் மிதியுங்கோ அக்கா.”

பிறகு மேகத்துக்குள் போய்விட்டோம். முன்சில்லு தெரிந்தது, வெள்ளைக்கோடு தெரிந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. எங்கோ தண்ணீர் விழும் சத்தம். ஏறுகிறோமா நிற்கிறோமா என்று உடம்புக்கே தெரியாத ஒரு நேரம். அக்கா மூச்சு வாங்குவது என் கைக்குள் கேட்டது. அந்த வெள்ளைக்குள் அப்படியே இன்னும் பல காலம் போயிருக்கச் சம்மதம்தான் எனக்கு. திடீரென்று ஏற்றம் முடிந்து, காற்று மேகத்தை விலக்க, கீழே கடலும் அதில் மிதக்கும் தீவுகளும் வெளிச்சத்தில் கிடந்தன. மொய்றா சைக்கிளின்மேல் சாய்ந்து நின்று நெடுநேரம் பார்த்தார். பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

இறக்கம் முழுக்கப் பிறேக் கட்டைகள் கருகி மணத்தன.

வெள்ளைச் சுவர், தகரக் கூரை, புகைபோக்கியில் புகை. ஒரு நாய் குரைத்தது. மொய்றா வேலி வாசலின் படலையைப் பிடித்தவர் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

“நீர் போம். தண்ணி கேளும்.”

நான் போய்க் கதவைத் தட்டினேன். உயர்ந்த, நரைத்த பெண் ஒருவர் திறந்தார். மூக்கு அப்படியே மொய்றாவின் மூக்கு. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் மிட்ஜ் கடியோடு நிற்கும் மண்ணிறக்காரியைப் பார்த்தார்.

“என்ன வேணும்?”

“மலையால வந்தனாங்கள். கனடாவில இருந்து.”

“நீர் ஆர்?”

தண்ணீர் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஆர் என்று கேட்டால் எங்களுக்கு ஊர்ப்பெயரும் சொந்தப்பெயரும் வராது, முறைதான் முதலில் வாயில் வரும். இன்னாரின் மகள், இன்னாரின் மச்சாள் என்போம். நான் அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு நான் என்ன முறை? அதை இங்கிலிஷில் சொன்னேன்.

“நான் மொய்றாவின்ரை தங்கச்சி.”

தமிழில் அதற்கு யாரும் அத்தாட்சி கேட்கமாட்டார்கள். இங்கிலிஷில் அது பச்சைப் பொய் என்று சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இஷ்பெல்லின் கழுத்திலிருந்து நெற்றிவரை இரத்தம் ஏறியது.

“மொய்றாவுக்கு இருக்கிறது ஒரு தங்கச்சி. அது நான்.”

சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்கவேண்டும். இருந்தது என்று சொல்லவில்லை, இருக்கிறது என்றே சொல்லிவிட்டார். கதவைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. என் தோளுக்கு மேலால் படலையைப் பார்த்தார். பிறகு என்னை ஒதுக்கிவிட்டு, வீட்டுச் செருப்போடு ஈரப் புல்லில் இறங்கி நடந்தார். படலைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்றார்கள்.

“கிழவியாப் போனாய்” என்றார் இஷ்பெல்.

“ஓம்.” மொய்றா படலையை விடவில்லை. “நான் செத்துப்போனன் எண்டு சொன்னியாம்.”

“சொன்னனான்.”

“ஏன் இஷ்பெல்?”

இஷ்பெல் படலையின் கொழுக்கியைக் கழற்றினார். அது துருப்பிடித்து இறுகியிருந்ததால் கொஞ்ச நேரம் எடுத்தது.

“அம்மா போனாப் பிறகு ஊரெல்லாம் கேட்டுது, மூத்தவள் ஏன் வரேல்லை எண்டு. கேட்டவையெல்லாம் உன்னைத் திட்டினவை. எனக்கு அதைக் கேக்கேலாமல் போச்சு. செத்தவளை ஒருத்தரும் திட்டமாட்டினம்தானே.”

படலை திறந்தது. அதற்குப் பிறகு அவர்கள் பேசியது கேலிக்கில். அதில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் வாசற்படியில் இருந்து, அந்த நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.